முந்நூற்று அறுபத்து நான்கு தாள்கள்

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
2025 ஜனவரி 14

அன்புத் தங்கச்சி செல்வமணிக்கு,

பொங்கலும் அதுவுமாக எழுதுகிறேன். என் உடம்பு கிடக்கிறபடி கிடக்கிறது. பனி விழுமுன்பே முழங்கால் சொல்லிவிடுகிறது. உன் சர்க்கரை எந்த மட்டில் நிற்கிறது? சாருஜன், மருமகள் கயல், குழந்தை வெண்பா சுகமா?

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். என் காது உனக்குத் தெரியும். மகன் வாங்கித் தந்த காதுக்கருவி இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் போட்டால் ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்கிறது, மனிதர் பேசுவது கேட்பதில்லை.

நான் ஒரு புத்தகம் எழுதுகிறேன். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்தில், ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் நாட்காட்டித் தாளைக் கிழித்து, அன்று கண்டதையும் கேட்டதையும் அதன் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். மற்ற வருடங்கள் எல்லாம் இடப்பெயர்வுகளில் போயின. 2002 மட்டும் ஒரு பிஸ்கட் பெட்டியில் தப்பி, என்னோடு அமெரிக்கா வந்தது. இரண்டு போருக்கு நடுவில் நம் நாடு மூச்சு விட்ட வருடம் அது. வரலாறு எழுதுகிறவர்கள் யார் கையெழுத்துப் போட்டார், யார் கை குலுக்கினார் என்று எழுதுவார்கள். தடை நீங்கி டோர்ச் பற்றரி கடைக்கு வந்த முதல் நாள் யார் வரிசையில் நின்றார் என்று நான் எழுதுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதக்கூடாது என்று சட்டமில்லை.

இங்கே தமிழ்ச் சங்கத்தில் கேட்டுப் பார்த்தேன். "அங்கிள், பாலிடிக்ஸ் வேணாமே, சமையல் குறிப்பு மாதிரி ஏதாவது எழுதுங்களேன், நாங்களே பிரிண்ட் பண்றோம்" என்றான் செயலாளர். என்னோடு நடக்க வரும் ஈரோட்டுச் சேனாபதி அவனைவிட மேல். "என்னங்க செல்வராஜா, ஒரே ஒரு வருசத்துக்கு இத்தனை பக்கமுங்களா? எங்க ஊர்ல ஆயிரம் வருசத்தையே நூறு பக்கத்துல முடிச்சிருவாங்க" என்கிறார். முடிக்கட்டும். அவர்களுக்கு வருடங்கள் நிறைய இருக்கின்றன.

ஒரு தாள் குறைகிறது. ஆகஸ்ட் 19, ஆவணி 3, திங்கட்கிழமை. நீங்கள் திருச்சியை விட்டு வந்த நாட்கள் அவை. அன்று நடந்தது ஏதும் உனக்கு நினைவிருந்தால் எழுது. ஒரு தாளிலும் பொய் எழுதாதவன் நான். ஊகித்து நிரப்ப மாட்டேன்.

பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன் செல்வராஜா


பேர்லேண்ட், டெக்சாஸ்
2025 பெப்ரவரி 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடவுள் கிருபையில் இங்கு எல்லோரும் சுகம். குழந்தைக்கு மட்டும் டேகேரில் பிடித்த சளி விடவில்லை. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசிச் சுடுநீர் ஒத்தடம் கொடுங்கள்.

என் சர்க்கரை இப்போது கண்ணில் இறங்கியிருக்கிறதாம். இடக்கண்ணில் நூல் நூலாகக் கறுப்பு மிதக்கிறது. லேசர் போடவேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போகும் என்கிறார் டாக்டர். அவர் இங்கே திங்கட்கிழமை மட்டும்தான் வருகிறார். கொடுத்த நேரம் காலை பத்தே முக்கால். நான் வேறு நேரம் கேட்கச் சொன்னேன். சாருஜனுக்குக் கோபம். "அம்மா, டாக்டரின்ர அப்பாயின்ட்மென்ட்டை எமகண்டம் பாத்தோ ஃபிக்ஸ் பண்ணுறது? நான் லீவு போட்டு ட்ரைவ் பண்ணிக்கொண்டு போறன், நீங்கள் வாசலில நிக்கிறியள்" என்றான். இரண்டு தடவை கான்சல் பண்ணியாயிற்று. இங்கே கார் இல்லாமல் ஒரு மூலைக்கும் போகமுடியாது. பிள்ளையைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அந்த வருடம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை அண்ணா. பயண அலைச்சல். வயதும் போய்விட்டது. நீங்கள் எழுதுவது நல்ல காரியம். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
செல்வமணி


பார்சிப்பனி
2025 மார்ச் 5

தங்கச்சிக்கு,

உன் கண்ணை நினைத்துக் கவலையாக இருக்கிறது. முதலில் அதைப் பார். என் நலம் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஞாபகம் இல்லை என்கிறாய். ஆறு வயதில் நான் உடைத்த உன் சிலேட்டை எழுபது வயதிலும் சொல்லிக் காட்டுகிறவள் நீ. உனக்கா ஞாபகம் இல்லை? சரி, ஞாபகம் வர நாலு தாள் எழுதுகிறேன்.

பெப்ரவரி 22, வெள்ளி: போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்து. ரேடியோவைச் சுற்றி ஆட்கள். ஒருவரும் கைதட்டவில்லை. கடைசியில் மீன்காரன் மட்டும், "அப்ப நாளைக்கு ஆழக்கடலுக்குப் போகலாமோ?" என்று கேட்டான்.

ஏப்ரல் 8, திங்கள்: போரில் பூட்டிக் கிடந்த கண்டி வீதி திறந்தது. முதலாவது பஸ்ஸில் போனவர்களில் பாதிப்பேருக்கு எங்கேயும் போகும் வேலை இல்லை. போய்வரலாம் என்பதற்காகப் போனார்கள்.

ஜூன் 15, சனி: தெற்கிலிருந்து மூன்று பஸ் ஆட்கள் கோயில் பார்க்க வந்தார்கள். கிணற்றடியில் தண்ணீர் கேட்டார்கள். எங்கள் பெண்கள் வாளியைக் கொடுத்தார்கள். இவர்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பாஷை இவர்களுக்குத் தெரியாது. வாளி திரும்பி வந்தபோது உள்ளே ஒரு பொதி கித்துள் வெல்லம் இருந்தது.

டிசம்பர் 31, செவ்வாய்: இந்த வருடம் எங்கள் பகுதியில் செத்தவர்கள் பதினேழு பேர். பதினேழு பேரும் வயது போய், அல்லது நோய் வருத்தம் வந்து செத்தார்கள்.

அந்தக் கடைசித் தாளை எழுதிவிட்டு நான் அழுதேன். இப்படியும் ஒரு கணக்கு ஒரு நாட்டில் இருக்கலாம் என்று எனக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் தெரியவந்தது. நான் முட்டாள்தனமாக நம்பினேன் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நம்பியது நான் மட்டுமா? கூரை இல்லாத வீடுகளுக்கு அளவெடுக்க வந்தவர்கள் எல்லோரும் நம்பவில்லையா?

ஆகஸ்ட் 19 பற்றி எழுது. மச்சான் 2013இல் வவுனியாவில் இறந்ததை முப்பத்தோராம் நாள் கழித்துத்தான் எனக்கு அறிவித்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. இதையாவது சொல்லலாம்.

செல்வராஜா


பார்சிப்பனி
2025 ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

ஏழு கிழமையாகப் பதில் இல்லை. தபால்காரியைத் தினமும் வாசலில் மறித்துக் கேட்டதில், இப்போது அவள் தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமென்று மகன் வாட்சப்பில் பார்த்துச் சொன்னான். ஆகவே நீ வேண்டுமென்றே எழுதவில்லை.

பேரன் க்ரிஷ் தாள்களையெல்லாம் ஸ்கேன் பண்ணித் தந்தான். எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, ஒன் டே மிஸ்ஸிங். ஜஸ்ட் ஸ்கிப் இட், நோபடி வில் நோ" என்றான். ஒருவருக்கும் தெரியாதாம். நான் அவனுக்குச் சொன்னேன்: "எனக்குத் தெரியுமடா."

லேசர் போட்டாயா?

செல்வராஜா


பேர்லேண்ட்
2025 மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்க வேண்டாம். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் சுகம் கிடைக்கப் பிரார்த்திக்கிறேன். லேசர் இன்னும் போடவில்லை. எழுத்து வளைந்து போவதற்குக் கண்தான் காரணம்.

மே மாதம் எனக்கு எப்படியென்று உங்களுக்குத் தெரியும். பதினாறு வருடம் ஆகிறது, 2009இல் போரின் கடைசி நாட்களில் ஓடிய அந்தச் சனத்துக்குள் என் பிள்ளை விதுஷாவின் கை என் கையை விட்டுப் போய். நேற்று மீனாட்சி கோயிலுக்குக் கயல் கூட்டிப் போனாள். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். விதுஷா, சுவாதி நட்சத்திரம் என்றேன். புதிதாக வந்த ஐயர். "பொண்ணு எங்க இருக்காம்மா? ஸ்கூலா, காலேஜா?" என்று சும்மா கேட்டார். கயல் முன்னால் வந்து, "ஊர்ல இருக்காங்க சாமி" என்று சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்யும் அர்ச்சனைதான் இதுவரை செய்துவருகிறேன். திவசம் செய்ய எனக்கு ஒரு திதி தெரியாது. யாரும் சொல்லவுமில்லை.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். உங்கள் புத்தகத்தில் மற்ற எல்லா நாளையும் எழுதுங்கள். அந்த ஒரு நாளை விட்டுவிடுங்கள்.

செல்வமணி


பார்சிப்பனி
2025 ஜூன் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். விதுஷாவுக்காக நானும் மேல்மாடி அறையில் ஒரு விளக்கு வைத்தேன். நெருப்பு அலாரம் அடித்து மருமகள் ஓடிவந்தாள். அதைவிடு.

அந்த நாளை விடமாட்டேன். விட்டால் புத்தகம் பொய்.

உன் மனதில் இருப்பது எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாயா? திருச்சியில் வாடகை வீடென்றாலும் கூரை இருந்தது. சாருஜன் இன்ஜினியரிங் முதலாம் வருடம், ஹாஸ்டலில் நின்றுவிட்டான். விதுஷாவுக்குப் பதினைந்து வயது. மச்சானுக்குத் திரும்பி வர அரைமனம். "இன்னும் ரெண்டு வருசம் பாப்பம்" என்று எழுதினார். சமாதானம் வந்துவிட்டது, பரந்தனில் உங்கள் வயல் தரிசாகக் கிடக்கிறது, அகதியென்ற பெயரோடு பிள்ளை வளரலாமா என்று பதினொரு கடிதம் போட்டு உங்களை இழுத்தவன் நான். வந்தீர்கள். நாலு வருடத்தில் கண்டி வீதியை மறுபடி பூட்டினார்கள். பிறகு நடந்தது நடந்தது.

இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை நீ என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வரவுமில்லை. நியூ ஜெர்சியில் ஒரு கலியாணத்துக்கு வந்து, நாற்பது நிமிடத் தூரத்தில் தங்கி, பார்க்காமல் போனாய். திட்டுவதென்றால் திட்டு. பேப்பரில் எழுதித் திட்டு. அதையே அந்த நாளுக்குரிய பக்கத்தில் போடுகிறேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. இன்னும் எவ்வளவு நாள் உன் மௌனத்தைச் சுமக்கச் சொல்கிறாய்?

செல்வராஜா


பேர்லேண்ட்
2025 ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது. நான் எழுதப்போவது உங்கள் மனதைக் கெடுக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் எழுதவில்லை.

நீங்கள் தேடும் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அது என்னிடம்தான் இருந்தது. 2002 ஆடியில், நீங்கள் நாட்காட்டியில் முன்கூட்டியே கிழித்து, திருச்சி வீட்டுப் படி இறங்க நல்ல நேரம் என்று 9.15 – 10.15ஐ வட்டம் போட்டு அனுப்பினீர்கள். பின்பக்கத்தில் "இரண்டு பஞ்சாங்கமும் பார்த்துக் குறித்தது. தவறவிடாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். மறந்துபோனீர்கள்.

அண்ணா, நான் தவறவிட்டுவிட்டேன்.

அன்று காலை விதுஷாவைக் காணவில்லை. தெரு முழுக்கத் தேடினோம். அவளுடைய சிநேகிதி வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தாள். மூன்று வயதில் வந்த பிள்ளை, திருச்சிப் பேச்சுத்தானே அவளுக்கு. "எனக்கு அங்க யாரும்மா இருக்கா? நான் வரலை. நீங்க போங்க, நான் அண்ணன் கூட இருந்துக்கறேன்" என்று அழுதாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு அடியும் அடித்தேன். படி இறங்கும்போது மணி பத்தே முக்கால். எமகண்டம் தொடங்கிக் கால் மணி. அது முடிகிற பன்னிரண்டு மணிவரை பொறுத்தால் பிளேன் போய்விடும். இவர் "பரவாயில்லை, வா" என்றார். நான் தெரிந்துகொண்டே அவளை எமகண்டத்தில் இறக்கிக் கூட்டிவந்தேன்.

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நீங்கள் எங்களைக் கண்டதும் முதலாவதாக, "நேரத்துக்குத்தானே வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டீர்கள். "ஓம் அண்ணை" என்றேன். அந்தப் பொய்யோடு உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? இவர் போனதையும் அதனால்தான் உடனே சொல்லவில்லை. இதுவும் அந்த நேரத்தால்தானா என்று நீங்கள் கேட்டுவிட்டால் என்ன சொல்லுவேன்?

நான் உங்களை ஒரு நாளும் குற்றம் நினைக்கவில்லை. நீங்கள் நல்ல நேரம்தான் குறித்துத் தந்தீர்கள்.

செல்வமணி


பார்சிப்பனி
2025 ஜூலை 14

என் அன்புச் செல்வமணிக்கு,

நலம் விசாரிக்கவும் கை ஓடவில்லை. நேரே சொல்கிறேன்.

தாள் உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை. நீ அதை எடுத்து என் முகத்தில் எறிவாய், இந்த நேரம் குறித்துத்தானே எங்களைக் கூப்பிட்டாய் என்று கேட்பாய், கேட்டுவிட்டால் எனக்குப் பாரம் குறையும் என்றுதான் தெரியாதவன்போல் கேட்டேன்.

இன்னொன்று. நான் எந்தப் பஞ்சாங்கமும் பார்க்கவில்லை.

சங்கக்கடையில் சரக்கு இருப்பெடுப்பு ஆகஸ்ட் 20, செவ்வாயோடு முடிந்தது. புதன்கிழமை எனக்கு லீவு. புதன் ஓமந்தையில் நான் நிற்கவேண்டுமென்றால் நீங்கள் திங்கள் புறப்பட வேண்டும். திருச்சி பிளேன் பிற்பகலில். அதற்கு வீட்டிலிருந்து ஒன்பது, பத்துக்கு வெளிக்கிட்டால் போதும். அந்த மணியைத்தான் வட்டம் போட்டேன். மச்சான் பின்னடிக்கிறார், பஞ்சாங்கம் என்றால் நீ அவரை விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் பின்பக்கத்தில் அப்படி எழுதினேன். அந்த வருடத்துத் தாள்களில் நான் எழுதிய ஒரே பொய் அது. அது என் பெட்டியில் இல்லாமல் உன்னிடம் வந்துவிட்டதும் எனக்கு வசதியாகப் போயிற்று. 2009க்குப் பிறகு நான் பஞ்சாங்கம் தொட்டதில்லை. இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது.

ஆகவே நீ தவறவிட ஒரு நல்ல நேரம் இருக்கவில்லை. நீ ஒன்பதரைக்கு இறங்கியிருந்தாலும் அதே ஓமந்தை, அதே பரந்தன், அதே முடிவு. பிழை உன்னுடையதல்ல. பிள்ளை வரமாட்டேனென்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இருந்த அறிவு எனக்கு இருக்கவில்லை. இதை இப்படியே புத்தகத்தில் எழுதப்போகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

லேசருக்குப் போ. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

செல்வராஜா


பேர்லேண்ட்
2025 ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தைக் கயல்தான் வாசித்துச் சொன்னாள். இதையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். இடக்கண் அநேகமாகப் போய்விட்டது. வலக்கண்ணிலும் இப்போது கறுப்பு.

அண்ணா, சின்ன வயதிலிருந்து உங்களைத் தெரியும். அப்பா அடித்தபோதும் பொய் சொல்லாதவர் நீங்கள். சங்கக்கடையில் எட்டு இறாத்தல் சீனி குறைந்தபோது, எலி தின்றது என்று எழுதச் சொன்னார்கள். எழுதமாட்டேன் என்று மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தீர்கள். அப்படிப்பட்டவர் பஞ்சாங்கம் பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதுவாரா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இந்த வயதில் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள். கேட்டுவிட்டுக் கன நேரம் அழுதேன். எனக்கு அது போதும். தயவுசெய்து அதைப் புத்தகத்தில் எழுதாதீர்கள். உங்களைப் பொய்யன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

டாக்டரின் கிளினிக்கில் வரும் மாதமும் திங்கள் பத்தே முக்கால்தான் தருகிறார்கள். செப்டெம்பர் 15. சாருஜன் இப்போது கோபிப்பதும் இல்லை. நான் என்ன செய்ய? அந்த நேரத்தில் ஒரு படி இறங்க என் கால் வராது.

உங்கள் தங்கை
செல்வமணி


பார்சிப்பனி
2025 ஆகஸ்ட் 25

அன்புத் தங்கச்சிக்கு,

கயல் உனக்கு வாசித்துச் சொல்வதால் சுருக்கமாக எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை. கயல், நீ எழுத்து வடிவாக எழுதுகிறாய், அம்மா.

நீ எழுதியபடியே இருக்கட்டும். அதற்குமேல் நான் வாதாடவில்லை. சேனாபதியிடம் சொன்னேன், "புத்தகம் முடிஞ்சுது" என்று. "அந்தக் காணாமப் போன நாளு கெடச்சுதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முந்நூற்று அறுபத்து நான்கு நாள்தான் அச்சுக்குப் போகிறது. உன் தாளை இத்துடன் உனக்கே திருப்பி வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 15, ஆவணி 30, திங்கட்கிழமை. நம் ஊர் மணிக்கணக்கை அப்படியே டெக்சாஸில் பார்க்கக்கூடாது. அங்கே சூரியன் உதிக்கும் நேரத்தை வைத்துத்தான் எமகண்டம் கணிக்கவேண்டும். கணித்தேன். பத்தே முக்காலுக்கு ஒரு தோஷமும் இல்லை. பத்து மணிக்கு வலக்காலை வைத்துப் படி இறங்கு.

இரண்டு பஞ்சாங்கமும் பார்த்துக் குறித்தது. தவறவிடாதே.

அண்ணன்
செல்வராஜா